கொடி பார்க்காத வண்டி

கள்ளிமேட்டில் மழை தூற ஆரம்பித்தால் இன்றைக்கும் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை, ஓடுதளத்தின் பக்கமாகக் காதைத் திருப்புகிறார்கள். அத்தனை வருஷம் திரும்பித் திரும்பிப் பழகிய கழுத்து அது, சொன்னால் கேட்காது.

பல்லடத்திலிருந்து தாராபுரம் போகிற சாலையில், காற்றாலைகளைத் தவிர வேறெதுவும் உயரமாக நிற்காத மானாவாரிக் காட்டின் நடுவே, ஒரு மில் முதலாளி தன் மகன் ஆசைக்காகப் போட்டுக் கொடுத்த வட்டத் தார்த்தளம் அது. மகன் ஓட்டிப் பழகி வெளிநாடு போய்விட்டான், தார்த்தளம் போக இடமில்லாமல் இங்கேயே கிடந்தது. கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கத்து ஆட்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, வருஷத்தில் நாலைந்து ஞாயிற்றுக்கிழமை சொந்தக் கார்களைக் கொண்டுவந்து அதில் ஓட்டினார்கள். பரிசு கிடையாது, பத்திரிகையில் படம் வராது, வீட்டில் நல்ல பேரும் கிடையாது. ஆசை ஒன்றுதான். சங்கச் செயலாளர் ஒரு பல் டாக்டர், பேர் ராஜகோபால். வண்டிகளுக்கு வைத்தியர் மெக்கானிக் செபாஸ்டியன். தளத்துக்கு வேலி ஒட்டிய கோழிப்பண்ணைக்காரர் நாச்சிமுத்து, வேடிக்கை பார்க்க வந்து, ஒருநாள் தன் ஜீப்பையும் உள்ளே விட்டு, அப்புறம் வெளியே போகவே இல்லை. லேத் பட்டறை வைத்திருந்த திருமூர்த்தியிடம் இருபது வருஷப் பழைய வெள்ளைக் கார் ஒன்று இருந்தது. சங்கத்திலேயே மெதுவாக ஓட்டுகிறவன் அவன்தான்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்ட வருகிறவர் ஒவ்வொருவரும் கொடி பிடிக்க வீட்டிலிருந்து ஓர் ஆளைக் கூட்டி வரவேண்டும். அதனால் வளைவுக்கு வளைவு ஒரு மச்சினனோ மாமனாரோ, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போன கடுப்போடு, கையில் கொடியோடு நிற்பார். மஞ்சள் கொடி காட்டினால் முன்னால் ஆபத்து, மெதுவாகப் போ. பச்சை காட்டினால் பயமில்லை, போ. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட கொடி காட்டினால் ஆட்டம் முடிந்தது, இன்னும் ஒரே ஒரு சுற்று நிதானமாகப் போய், வெயிலில் நின்ற கொடிக்காரர்கள் எல்லோருக்கும் கையைத் தூக்கி நன்றி காட்டிவிட்டு உள்ளே வா. அந்தக் கட்டக்கொடி திருமூர்த்தியின் மனைவி அமராவதியிடம் இருந்தது.

"கடைசி வண்டி வர்ற வரைக்கும் கொடிய ஆட்டணும். அந்தக் கடைசி வண்டி எப்படியும் உங்க வீட்டுக்காரரோடதுதான். அதனால நீங்களே வெச்சுக்குங்கம்மா" என்று டாக்டர் முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள், திருமூர்த்தியும் சேர்ந்து சிரித்தான். கடைசியாக வருவதில் அவனுக்கு வெட்கமில்லை. ஆனால் மற்றவர்கள் அலுத்துப்போய்ப் பாதியில் வண்டியை உள்ளே திருப்பினால் மட்டும் அவனுக்குப் பொறுக்காது. "கொடி பாக்காம வண்டிய நிறுத்தறவன் ஓட்டறவனே இல்லீங்க" என்பான். தளத்தோரம் அமராவதி நிற்கிற குட்டைச்சுவரைத் தாண்டும்போதெல்லாம் இரண்டு தடவை ஹாரன் அடிப்பான். எல்லாம் முடிந்து உள்ளே வந்து, கண்ணாடியை இறக்கி, வேர்த்த முகத்தை வெளியே நீட்டி, முதல் கேள்வியாக, "எப்படி அம்மிணி ஓட்டுனேன்?" என்று கேட்பான்.

"நல்லா ஓட்டுனீங்க. எறங்குங்க, போதும்" என்பாள் அவள்.

ஐப்பசியில் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. கள்ளிமேட்டில் மழை பெய்வது சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்கு வரும் உறம்பரை மாதிரி, வந்தால் சந்தோஷம், வராவிட்டால் வருத்தமில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்ட ஊர் அது. அதனால் மழை வரும் என்று சங்கத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அது காலையிலேயே வந்துவிட்டது, வந்ததோடு நில்லாமல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தும் விட்டது. நனைந்த தாரில் ஓட்டிப் பார்க்க இனி எப்போது வாய்க்கும் என்று எல்லோரும் இறங்கினார்கள். டாக்டரின் புத்தம்புதுச் சிவப்புக் காரில் தண்ணீர் எங்கேயோ புகுந்து, உள்ளேயிருந்த விளக்கெல்லாம் தீபாவளிபோல எரிந்து, பிறகு மாட்டைப்போல நட்டநடுவில் நின்றுகொண்டது. நாச்சிமுத்துவின் ஜீப்பில் வைப்பர் கழன்று வேலிக்கு அப்பால் பறந்தது. ஒருவர் வண்டிக்குப் பிரேக் பிடிக்கவில்லை, ஒருவர் வண்டிக்குப் பிடித்த பிரேக் விடவில்லை. வேகமாக ஓடட்டும் என்று செபாஸ்டியன் தன் வண்டியின் காற்றுக்குழாயைக் கீழே இறக்கி வைத்திருந்தான், அது முதல் குட்டையிலேயே வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு மூச்சை விட்டது. வைத்தியர் வண்டிக்கே இந்தக் கதியா என்று சிரித்தவர்களின் வண்டிகள் அடுத்த சுற்றில் நின்றன.

திருமூர்த்தியின் வண்டி மட்டும் ஓடியது. எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் நனையாமல் பால் கவரைச் சுற்றி ரப்பர் போட்டிருந்தான், முன்கண்ணாடியில் தண்ணீர் தங்காமலிருக்கப் புகையிலையைத் தேய்த்திருந்தான், பழைய வண்டிக்காரனுக்குத் தெரிந்த பத்தியம் அவ்வளவுதான். கொடி பிடித்தவர்களெல்லாம் கொடியைப் போட்டுவிட்டு வண்டி தள்ள ஓடினார்கள். தள்ளிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தால், அந்த வட்டத்தில் அவனுக்கு முன்னால் ஒரு வண்டி இல்லை, பின்னால் ஒரு வண்டி இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் முதலாவதாக ஓடிக்கொண்டிருந்தான். அமராவதியைக் கடக்கும்போது அடித்த ஹாரனில் அந்தச் சந்தோஷம் கேட்டது.

"டைம் முடிஞ்சுதும்மா, கொடியக் காட்டுங்க" என்றார் டாக்டர், சட்டையைப் பிழிந்துகொண்டே.

"சித்தெ இருங்க சார். இன்னும் ரெண்டு சுத்து போவட்டும். ஒரு நாளாச்சும் முன்னாடி ஓடட்டுமே" என்றாள் அமராவதி.

அதிலென்ன, ஓடட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்லிவிட்டுத் தகரக் கொட்டகையில் ஒதுங்கித் தேநீர் ஊற்றிக்கொண்டார்கள், அவளுக்கும் ஒரு தம்ளர் கொடுத்தார்கள். மழை வலுத்தது. வெள்ளைத் துணியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி எதிரே ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்து வந்து போனது. தேநீர் முடிந்தது, அவள் கொடியை எடுத்துக்கொண்டு சுவரோரம் வந்தாள், வண்டி கண்ணில் படட்டும் என்று நின்றாள். படவில்லை. சாயந்தரம் மழை விட்டது, மழையோடு சத்தமும் விட்டது. வெளுத்த வானத்தின் கீழே தார்த்தளம் முழுவதும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தெரிந்தது, அதில் திருமூர்த்தி இல்லை, வெள்ளைக் கார் இல்லை.

வேலி ஓரிடத்திலும் அறுந்திருக்கவில்லை. சுற்றுவட்டாரக் கிணறுகளில் ஆள் இறக்கித் தேடினார்கள். கோழிப்பண்ணைக் கொட்டகைகளைக்கூட நாச்சிமுத்து திறந்து காட்டினார். புது மண் பறிந்த இடமோ, டயர் தேய்ந்த தடமோ இல்லை. அமராவதி அழுது ஓய்ந்து, ஓய்ந்து அழுது கொண்டிருந்தபோதே கார்த்திகை பிறந்து அடுத்த மழை வந்தது. கள்ளிமேட்டு வாட்ச்மேன் மூச்சிரைக்கப் போன் பண்ணினான். "சீக்கிரம் வாங்க, அண்ணன் ஓட்டிக்கிட்டிருக்காருங்க."

ஓட்டிக்கொண்டுதான் இருந்தான். வண்டி தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை. ஆனால் நனைந்த தாரின்மேல், ஒரு காரின் அகலத்துக்கு, இரண்டு உலர்ந்த கோடுகள் ஓடின. முன்னால் உலர்ந்துகொண்டே போயின, பின்னால் மழை அவற்றை நிரப்பிக்கொண்டே வந்தது. குட்டைகளில் இருபக்கமும் தண்ணீர் விசிறியடித்தது. கிழக்கு வளைவில் கியர் மாற்றும்போது அந்த வண்டிக்கென்றே இருந்த இருமல் கேட்டது. சுவரோரம் நின்ற அமராவதியைக் கடக்கும்போது இரண்டு தடவை ஹாரன் அடித்தது. அவள் சேலைத்தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு கையை ஆட்டினாள்.

ஊர் இதை ஏற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லவேண்டும். காணாமல்போன கேஸை விசாரித்த இன்ஸ்பெக்டர் ஒரு மழையில் குடையோடு வந்து நின்றார், அவர் காக்கிமேல் சேறு வாரி அடித்துவிட்டுப் போனது வண்டி. துடைத்துக்கொண்டே, "ஆள் காணாமப் போகலை. வண்டிய விட்டு எறங்கலை, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். காரியம் செய்வதா வேண்டாமா என்று திருமூர்த்தியின் சொந்தக்காரர்கள் கூடிப் பேசினார்கள். "சுத்தீட்டிருக்கறவனுக்குக் காரியம் பண்ணிப்போட்டு, அடுத்த மழைக்கு அவன் வந்தான்னா எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போயி நிப்பீங்க?" என்று நாச்சிமுத்து கேட்டதும், நியாயம்தான் என்று கலைந்து போனார்கள். அமராவதியின் நெற்றிக்குங்குமத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

விவசாயிகள் அவனை வைத்து மழையை அளந்தார்கள். ஹாரன் சத்தம் மாரியம்மன் கோயில்வரை கேட்டால் உழவு மழை, ஏர் பூட்டலாம். பாதியில் நின்றுவிட்டால் புழுதி அடங்கியதோடு சரி. கோழிகள் முதலில் மிரண்டு முட்டையிடாமல் இருந்தன, பிறகு பழகிக்கொண்டன. புது வண்டி வாங்கினவர்கள் மழைக்குக் காத்திருந்து, அவன் போன தடத்தில் ஒரு சுற்று ஓட்டி, அப்புறம்தான் எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற்றினார்கள். சங்கத்துக்காரர்கள் மழைநாளில் ஓட்டினால் அவன் கோடுகளுக்குப் பின்னால்தான் ஓட்டினார்கள். புதிதாக வந்த ஓர் இளவட்டம் பாய்ந்து முந்தப் பார்த்தபோது, டாக்டர் குறுக்கே ஓடி மஞ்சள் கொடியைக் காட்டி நிறுத்தினார். "எங்கள்ல ஒருத்தரையும் அவன் முந்துனதில்லைன்னு வருஷக்கணக்கா கேலி பண்ணியிருக்கோம் தம்பி. இப்ப அவன்தான் முன்னாடி" என்றார். அந்த மஞ்சள் கொடியைப் பார்த்துத் திருமூர்த்தியின் கோடுகளும் வேகம் குறைந்தன. பச்சை காட்டியதும் மறுபடி வேகமெடுத்தன. நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அமராவதி பார்த்தாள். அன்றைக்கு ராத்திரி அவள் பீரோவைத் திறந்து, கட்டக்கொடியைத் துவைத்து மடித்து, கைப்பைக்குள் வைத்தாள். அடுத்த மழைக்கு எடுத்துப்போனாள், வெளியில் எடுக்காமல் கொண்டுவந்தாள். அதற்கடுத்த மழைக்கும் அப்படியே. அவன் கொடிக்கு அடங்குகிறவன். கட்டக்கொடியை ஆட்டினால் ஒரு சுற்று போய்விட்டு உள்ளே வந்துவிடுவான், வந்து வண்டியை நிறுத்துவான். நிறுத்தினபின் என்ன ஆவான் என்று அவளுக்குத் தெரியாது, தெரியவேண்டாம் என்றும் இருந்தது. ஓடுகிறவரைக்கும் ஓடட்டும், இன்னும் ரெண்டு சுத்து என்று ஒவ்வொரு மழைக்கும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆசைக்கு அளவேது.

லேத் பட்டறையை அவளே நடத்தினாள். மழைக்காலம் வந்தால் பட்டறையை ஆட்களிடம் விட்டுவிட்டுக் குடையோடு பஸ் ஏறிவிடுவாள். சுவரில் உட்கார்ந்து, அவன் கடக்கும்போதெல்லாம் ஒரு வாக்கியம் சொல்லுவாள், ஒரு சுற்றுக்கு ஒரு வாக்கியம்தான் நேரம் இருக்கும். ஏனுங்க, உங்க தங்கச்சிக்குப் பையன் பொறந்திருக்கறான் என்பாள், ஹாரன் அடித்துக்கொண்டு போய்விடுவான். அடுத்த சுற்றுக்குக் காத்திருந்து, மூக்கு அப்படியே உங்க மூக்கு என்பாள். அதற்கடுத்த சுற்றில், பெரிய லேத்துக்குப் புது மோட்டார் போட்டாச்சு என்பாள். வீட்டு மாடியில கொளவி கூடு கட்டியிருக்குது, எங்கம்மா உங்களக் கேட்டுச்சு, வெள்ளச்சோளம் பணியாரம் சுட்டேன், ஒண்டியாத் திங்க முடியல. இப்படியே மழை விடுகிறவரை, வட்டத்தைச் சுற்றி ஒரு குடித்தனம் நடந்தது. வீட்டில் இருந்தபோது இவ்வளவு பேசினோமா என்று அவளே பஸ்ஸில் திரும்பும்போது நினைத்துக்கொள்வாள், நினைத்து அழுவாள், அழுகிறவளுக்கு ஜன்னலோர இடத்தை விட்டுக் கொடுக்கிற அளவுக்கு அந்த பஸ் கண்டக்டர்களுக்கும் அவளைத் தெரிந்திருந்தது.

வருஷங்கள் போயின. டாக்டருக்குத் தலை நரைத்தது, நாச்சிமுத்துவுக்கு முழங்கால் போனது. ஒரு வருஷம் மழையே இல்லை. காற்றாலைகள் வெறுங்காற்றைச் சுற்றின. அமராவதி தினமும் சாயந்தரம் மாடிக்குப் போய் மேற்கே பார்த்தாள், ஊரில் பயிர் காய்கிறதே என்று கவலைப்பட்டவர்கள் நடுவே அவள் கவலை ஒன்றுதான் வேறு. மறுவருஷம் ஐப்பசியில் மழை வந்தது. ஓடிப்போய்ச் சுவரில் உட்கார்ந்தாள். சத்தம் வந்தது. ஆனால் அது வேறு மாதிரி இருந்தது, நெஞ்சுச்சளிக்காரன் மாடிப்படி ஏறுகிற மாதிரி.

செபாஸ்டியன் வந்து, கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"ஒரு சிலிண்டர் அடிக்கலீங்கக்கா. மூணுலதான் ஓடறான்."

அன்றைக்கே செபாஸ்டியன் போய், ஒரு ஸ்பார்க் பிளக் செட்டும், புது வைப்பர் பிளேடும், ஒரு டப்பா ஆயிலும் வாங்கிவந்து, வண்டிகள் உள்ளே வந்து நிற்கிற இடத்தில் சுவரோரம் வரிசையாக வைத்தான். மறுநாள் ஊர்க்காரர்கள் சிலர் அவரவர்க்குத் தெரிந்ததைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒருவர் பேட்டரி, ஒருவர் ஃபேன் பெல்ட், நாச்சிமுத்து ஒரு கேன் பெட்ரோல், கூடவே வேகவைத்த முட்டை. எல்லாம் அங்கேயே இருந்தன. அவன் உள்ளே வந்தால்தானே எடுப்பான். கொடி பார்க்காமல் உள்ளே வருகிறவனா அவன். சுவரோரம் நனைந்துகொண்டிருந்த அந்தச் சாமான்களை அமராவதி பார்த்தாள், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் இரண்டு சிலிண்டர். வடக்கு மேட்டில் ஏற முடியாமல் திணறியது. உலர்ந்த கோடுகள் அந்த இடத்தில் மட்டும் நத்தைபோல நகர்ந்தன, மழை அவற்றைப் பின்னாலிருந்து எட்டிப் பிடிக்கப் பார்த்தது. மேட்டில் நின்றவர்கள் பொறுக்காமல் இறங்கினார்கள். முழங்கால் போன நாச்சிமுத்துகூட இறங்கினார். இரண்டு கோடுகளுக்கும் நடுவே, ஒன்றுமில்லாத காற்றில் கையை ஊன்றி எல்லோருமாகத் தள்ளினார்கள், அந்த ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வண்டியை ஒருவர் தள்ளினது மாதிரியே. உள்ளங்கையில் சூடு தெரிந்தது என்றார்கள். வண்டி மேடேறி, சரிவில் உருண்டு, சுவரை நோக்கி வந்தது.

ஹாரன் அடிக்கவில்லை.

பேட்டரி இறங்கியிருக்கும் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். அமராவதி அன்றைக்குச் சொல்ல வைத்திருந்த வாக்கியம் அவள் வாயிலேயே நின்றுவிட்டது. அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தாள். வெகுநேரம் கழித்துச் சத்தம் வந்தது. ஹாரன் பொத்தானை அழுத்துகிற டிக் டிக் சத்தம் மட்டும் இரண்டு தடவை கேட்டது, மழைக்குள் அதைக் கேட்க அவளைத் தவிர வேறு காது கிடையாது.

அவள் சுவரிலிருந்து இறங்கி, கொட்டகையில் நின்ற செபாஸ்டியனிடம் போனாள்.

"எனக்கு ஒண்ணு தெரியும் தம்பி. இத்தன வருஷமா சொல்லல" என்றாள்.

செபாஸ்டியன் அவள் கைப்பையைப் பார்த்தான். "தெரியுமுங்கக்கா" என்றான்.

"என்ன தெரியும்?"

"கொடி உள்ள இருக்கறது தெரியும். டாக்டருக்குத் தெரியும், நாச்சிமுத்தண்ணனுக்குத் தெரியும். டீக்கடக்காரனுக்குக்கூடத் தெரியும்."

"ஒருத்தரும் கேக்கலியே."

"எப்படிக்கா கேக்கறது? போவட்டும்னு அன்னிக்கு நாங்களுந்தானே சொன்னோம்." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "வண்டிக்கு இதுக்கு மேல தெம்பில்லீங்க. மேட்டுல ஒரு நாளைக்கு நின்னுடும். பாதி வழியில நின்னா அவன் தாங்கமாட்டானுங்க, உங்களுக்கே தெரியும்."

அவளுக்குத் தெரியும். கள்ளிமேட்டில் ஓர் ஈ எறும்புக்குக்கூடத் தெரியும். அமராவதி கைப்பையைத் திறந்தாள். அந்தக் கட்டங்களை விரித்ததும் கொட்டகையிலிருந்த ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் எழுந்தார்கள். கடைசிச் சுற்றில் அவன் கையைத் தூக்கிக் காட்டும்போது எந்த வளைவும் காலியாக இருக்கக்கூடாதல்லவா. டாக்டர் கிழக்கு வளைவுக்குப் போனார், நாச்சிமுத்து வடக்கு மேட்டுக்கு நொண்டிக்கொண்டே போனார், செபாஸ்டியன் தெற்கே ஓடினான், மிச்ச இடங்களுக்கு ஊர்க்காரர்கள் போனார்கள். கொடி இல்லாதவர்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டார்கள்.

அவள் மட்டும் சுவரோரம் நின்றாள். சத்தம் வருவதற்குள் மழை விட்டுவிட்டால் என்ன செய்வது என்று ஒரு நினைப்பு ஓடியது, விட்டுவிடட்டுமே என்று அதன் பின்னாலேயே இன்னொன்று ஓடியது. பாழும் மனசு. மழை விடவில்லை. சரிவில் இரண்டு கோடுகள் இறங்கின. கை தூக்க முடியாமல் கனத்தது. இத்தனூண்டு துணிக்கு இத்தனை கனமா என்று நினைத்தபடி இரண்டு கையாலும் முனைகளைப் பிடித்துத் தூக்கி, அவள் ஆட்டினாள். கோடுகள் அவளைக் கடந்தன. கடந்ததும் வேகம் குறைந்தன. பார்த்துவிட்டான்.

அந்தச் சுற்றை அவன் ரொம்ப நிதானமாகப் போனான். கிழக்கு வளைவில் டாக்டரிடம் சற்று நின்ற மாதிரி இருந்தது. மேட்டில் இந்தத் தடவை திணறவில்லை. நின்றவர்களுக்கு அவன் கை தெரிந்ததா என்று பிற்பாடு கேட்டால், தெரிந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை. ஆனால் அவன் கடந்த ஒவ்வோர் இடத்திலும், வரிசையாக, மழைக்குள் ஒவ்வொருவராகக் கையைத் தூக்குவதை அமராவதி இங்கிருந்து பார்த்தாள். நாச்சிமுத்து துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு மறு கையைத் தூக்கியிருந்தார்.

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கோடுகள் வட்டத்தை விட்டுத் திரும்பின. சுவரோரம் வந்தன, பிளக்கும் வைப்பரும் பேட்டரியும் வரிசையாக வைத்திருந்த இடத்துக்கு வந்தன, நின்றன. எஞ்சின் ஒரு குலுக்கு குலுக்கி அடங்கியது. சுற்றிலும் மழை கொட்டிக்கொண்டிருக்க, தரையில் ஒரு காரின் அளவுக்கு மட்டும் ஈரம் இல்லை. அந்த உலர்ந்த கட்டத்தின் மேலே மழை எங்கேயோ தங்கி வழிந்தது. கிட்டப்போனால் சூடான ஆயில் வாசமும், புகையிலை வாசமும் அடித்தது.

அமராவதி வலதுபக்கம் போய், கண்ணாடி இறக்கியிருக்கும் உயரத்துக்குக் குனிந்தாள். ஒன்றும் தெரியவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் அவன் எப்போதும் முதலில் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டு முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தாள், குறுக்கே பேசக்கூடாது என்று.

"நல்லா ஓட்டுனீங்க" என்றாள். "உங்களுக்கு முன்னாடி ஒருத்தருமில்ல. நான்தான் உங்கள ரொம்ப ஓட வெச்சுட்டேன்."

வளைவுகளிலிருந்து ஆட்கள் திரும்பி வந்து, கிட்டே வராமல், தள்ளி நின்றார்கள்.

"எறங்குங்க, போதும்" என்றாள்.

முதல் துளி ஓட்டுகிறவன் பக்கம் விழுந்தது. சின்ன வட்டமாகக் கறுத்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று விழுந்தது, அப்புறம் ஒன்று. அவள் சுவரில் சாய்த்து வைத்திருந்த குடையை எட்டி எடுத்து, விரித்து, அந்த இடத்தின்மேல் பிடித்தாள். பிறகு, அவளே அதை மடக்கினாள். அங்கேயும் எல்லா இடத்தையும்போல மழை பெய்தது.